வீட்டுக்கு ஒரே மெயில் ஐடி

அக்கா, உங்க மடியில இருக்கறது லேப்டாப்பு தானே? அதை ஆன் பண்ணுனா மெயில் ஐடி கேக்குமா, இல்ல சும்மா திறந்துக்குமா?

தப்பா நெனச்சுக்காதீங்க. பஸ் இன்னும் பவானியே வரல, பக்கத்துல வந்து உக்காந்தவ இப்பிடியொரு கேள்வி கேக்கறாளேன்னு இருக்கும். எனக்கு இதாங்க தொழிலு. சித்தோட்டுல சுகந்தி ஜெராக்ஸ்னு போர்டு பாத்திருப்பீங்க. அந்த சுகந்தி நான்தான். கடை எங்க வீட்டுக்காரரோடது, பேர் மட்டும் என்னோடது. ஜெராக்ஸ், டைப்பிங், ரேஷன் கார்டு திருத்தம், வருமானச் சான்று, பரீட்சை ரிசல்ட்டு, எல்லாம் நம்ம கடைதான்.

என்ன சொன்னீங்க, மெயில் ஐடி கேட்டுச்சா? அப்ப அது விண்டோஸ். புதுசா வர்றதெல்லாம் கேட்டுட்டுத்தான் உள்ள விடுது. யாரோட ஐடி குடுத்தீங்க? உங்களோடதா? உங்களுக்குன்னு தனியா இருக்கா?

ம். இருக்கும். நீங்க வேலைக்குப் போறவங்க.

எங்க பக்கம் வீட்டுக்கு ஒரே மெயில் ஐடிங்க. ரேஷன் கார்டு மாதிரி. வீட்டுத் தலைவர் பேர்ல, அவரு போன் நம்பர்ல. சித்தோட்டுல பாதி வீட்டுக்கு மெயில் ஐடி நான்தான் போட்டுக் குடுத்தேன். ஐடி, பாஸ்வேர்டு எல்லாம் கடையில ஒரு நோட்டுல எழுதி வெச்சிருப்பேன். அவங்களுக்கு ஞாபகம் இருக்காது பாருங்க. கரண்டு பில்லுக்கும் அதுதான், பிள்ளை காலேஜ் விண்ணப்பத்துக்கும் அதுதான், ஆத்தாளுக்கு பென்ஷன் போடறதுக்கும் அதுதான். இதுல என்னங்க தப்பு இருக்குது? நானும் எங்க வீட்டுக்காரரும் ஒரே ஐடிதான். எங்களுக்குள்ள ஒளிவு மறைவே கெடையாது.

அந்த ஒரே மெயில் ஐடியினாலதான் எம்பட வளர்மதி போனா.

செத்தெல்லாம் போகலீங்க, இருக்கறா. பருவாச்சியில இருக்கறா. எனக்கு இல்லாம போயிட்டா, அதைச் சொன்னேன்.

ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். பிளஸ் டூல ஒரே பெஞ்சு. கெவர்மென்ட்ல லேப்டாப் குடுத்தாங்க பாத்தீங்களா, ஒரே நாள்லதான் வாங்கினோம். மேடையில கூப்படறதுக்கு முன்னாடி வளர்மதிக்கு உள்ளங்கை வேர்த்து ஊத்துது. "புள்ள, கீழ போட்டுட்டா என்ன பண்றது?"ங்கறா. "போட்டா எம்பட டப்பாவை எடுத்துக்க"ன்னேன். எம்பட டப்பாவை எங்கண்ணன் காலேஜுக்குன்னு கொண்டு போனான், திரும்பி வரவே இல்ல. அவ மட்டும் அவளோடதை விடல. கல்யாணத்துக்கே சீர்வரிசையோட அதையும் சேத்து எடுத்துட்டு வந்தா. ரெண்டு பேரும் அமைஞ்சாப்புல ஒரே ஊருக்கு வாக்கப்பட்டோம், நான் மேல வீதி, அவ கீழ வீதி. நான் கடை பாக்க ஆரம்பிச்சதும் மொதல்ல அவளைத்தான் கூப்பிட்டேன். தமிழ் டைப்பிங்ல ஹையர் பாஸ் பண்ணுனவ. விரல் நிக்காது அவளுக்கு.

அந்த லேப்டாப்ல ஒரு சமாச்சாரம் இருக்குதுங்க. ஆன் பண்ணுனதும் இந்தப் பக்கம் போறியா, அந்தப் பக்கம் போறியான்னு கேக்கும். ஒரு பக்கம் விண்டோஸ், ஒரு பக்கம் லினக்ஸ். நாங்க அதை பென்குயின்னுதான் சொல்லுவோம். எல்லாரும் விண்டோஸ் பக்கம்தான் போவாங்க. கடைன்னா நாலு பேரு பென்டிரைவு கொண்டாந்து சொருகுவாங்க, வைரஸ் ஏறிரும். அப்பிடி ஏறி அவளோட விண்டோஸ் படுத்துருச்சு. அவ பென்குயின் பக்கம் போயிட்டா. போனவ திரும்பி வரவே இல்ல.

எனக்கு அதைக் கண்டாவே ஆகாது. நம்ம பிரிண்டரு அதோட பேசாது. கல்யாணப் பத்திரிகைக்காரங்க பழைய ஃபான்ட்டுல அடிச்சுக் கொண்டாந்தாங்கன்னா அதுல கட்டங்கட்டமாத் தெரியும். ஒவ்வொண்ணையும் அவ என் கம்ப்யூட்டருக்கு மாத்தி மாத்தித்தான் பிரிண்டு எடுக்கோணும். "ஏம்புள்ள இந்தக் கெழட்டு டப்பாவைக் கட்டிட்டு மாரடிக்கறே?"ன்னு கேட்டேன். "சுகந்தி, இது ஒண்ணுமே கேக்காது புள்ள. யாரு, எவரு, எந்த ஊரு, போன் நம்பர் என்னன்னு ஒண்ணும் கேக்காது. எழுதுனதை வெச்சுக்கும். அவ்ளோதான்"னா.

விண்டோஸ் அப்பிடி இல்லீங்க. அது நம்ம சொந்தக்காரங்க மாதிரி. எல்லா ஒத்தாசையும் பண்ணும், எல்லாத்தையும் கேட்டுக்கும். பிரிண்டரை அதுவே கண்டுபிடிச்சுக்கும். நாம எழுதுனதை நாம சொல்லாமயே மேல கொண்டு போயி ஆகாசத்துல, கிளவுடுங்கறாங்களே, அங்க வெச்சுக்கும். கம்ப்யூட்டரே எரிஞ்சு போனாலும் அங்கிருந்து எடுத்துக்கலாம். பென்குயின் நாம சொன்னாத்தான் செய்யும், சொல்லலைன்னா எங்கயும் கொண்டு போகாது. ஆனா டப்பா செத்துச்சுன்னா அவ்வளவுந்தான், எல்லாத்தையும் கூடவே எடுத்துட்டுப் போயிரும். ஆப்பிள்னு ஒண்ணு இருக்குது, ஈரோட்டுல ஆல்பம் பண்றவங்க வெச்சிருக்காங்க. அதை விடுங்க, அது நம்ம ஊருக்கு வராது. நீங்களே சொல்லுங்க, இந்த ரெண்டுல எதுங்க நல்லது? நான் விண்டோஸ்தான்னேன். இப்பவும் அதைத்தான் சொல்லுவேன். வேலை ஆகோணுமில்ல.

பவானி வந்துருச்சு. கொஞ்சம் இப்பிடி நகந்துக்கங்க, அந்தப் பெரியம்மா கூடையை வெக்கட்டும். எம்பாப்பா காலு உங்க மேல படுதா? தூங்கிட்டா. பஸ் ஏறுனா போதும், தூங்கிருவா.

தை மாசத்துல ஒரு நாள் அவ லேப்டாப்பு ஸ்டூல்லருந்து கீழ விழுந்துருச்சு. ஆன் ஆகல. வளர்மதி அழுதா பாருங்க. எங்கம்மா சாகறப்பக்கூட நான் அப்பிடி அழுகல. தரையில உக்காந்து, அதை மடியில வெச்சுட்டு, வாயே திறக்காம அழுகறா. கடையில ஆளு நிக்குது. "என்ன புள்ள, ஒரு டப்பாவுக்கா?"ன்னேன், "உனக்குத் தெரியாது சுகந்தி"ங்கறா. ஈரோட்டுல குடுத்து ரெண்டு நாள்ல சரி பண்ணிட்டு வந்தோம். அதுக்கப்புறம் பாஸ்வேர்டை எங்கிட்டச் சொல்லி வெச்சா. எங்க ரெண்டு பேரு பிளஸ் டூ பரீட்சை நம்பரைச் சேத்துப் போட்டிருந்தா. "எனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நீதான் உள்ளாற இருக்கறதை எடுக்கோணும்"னா. பொண்ணு போட்டோவா இருக்கும்னு நெனச்சேன். அவளுக்கு எட்டு வயசுல ஒரு பொண்ணு, தர்ஷினி. அந்த லேப்டாப்பை அவ வீட்டுக்கும் எடுத்துட்டுப் போக மாட்டா. கடை பீரோவுலதான் வெப்பா. ஏன்னு நான் கேட்டதே இல்ல.

அந்த அழுகையை எம்மனசு தாங்கலீங்க. அதுக்குத்தான் செஞ்சேன். நல்லாக் கேட்டுக்கங்க, அதுக்குத்தான்.

கடைக்குப் புதுசா ஒரு கம்ப்யூட்டர் எடுத்தோம். அந்த வெள்ளிக்கிழமை அவ குடும்பத்தோட சொந்தக்காரங்க காதுகுத்துக்குப் போயிட்டா, திங்கக்கிழமைதான் வருவா. வர்றதுக்குள்ள அவளுக்குன்னு இதைத் தயார் பண்ணி வெச்சு அசத்திரலாம்னு எனக்கு ஒரே சந்தோசம். ஆன் பண்ணுனா மெயில் ஐடி கேக்குது. குடுக்காம நகர மாட்டேங்குது. அவளுக்குத் தனியா ஏது? நோட்டைப் புரட்டுனேன், அவங்க வீட்டு ஐடி இருந்துச்சு. அவ வீட்டுக்காரர் தங்கராசண்ணன் பேர்ல. அதைப் போட்டேன். அவரு போனுக்கு ஆறு நம்பர் போகும், அதையும் போடோணும். போன் அடிச்சேன். அங்க மைக்செட்டு அலறுது. "அண்ணா, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க"ன்னேன். எதுக்குன்னுகூடக் கேக்கல மனுசன், சொல்லிட்டாரு. அவ்வளவு நம்பிக்கை எம்மேல.

அப்பறம் பென்குயின் பக்கம் போயி, அவ சொன்ன நம்பரைப் போட்டுத் திறந்து, எல்லாத்தையும் பென்டிரைவுல எடுத்துப் புதுசுல கொட்டுனேன். அதுல ரசப்பொடின்னு ஒரு ஃபைல் இருந்துச்சு. சிரிப்பு வந்துச்சு எனக்கு. அவளுக்கு ரசமே வெக்க வராது. ஆனா நான் திறந்து பாக்கல. எம்பொண்ணு மேல சத்தியமா பாக்கல.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். அதுக்கு முந்தின வாரம்தான் தங்கராசண்ணன் போனைக் கொண்டாந்து, இடமே இல்லைன்னு சொல்லுது சுகந்தின்னாரு. போட்டோவையெல்லாம் மேல ஏத்தி வெக்கறதுக்கு, அந்த ஆகாசத்து ஆப்பை அவரு போன்ல நான்தான் போட்டு விட்டேன். அதே ஐடிதான். வேற ஏது?

புரியுதுங்களா அக்கா? அந்தப் பக்க முடிச்சும் நான்தான் போட்டேன், இந்தப் பக்க முடிச்சும் நான்தான். போடறப்ப தெரியலீங்க எனக்கு.

திங்கக்கிழமை காலையில வளர்மதி வந்தா. கையில காதுகுத்து பலகாரம். புதுக் கம்ப்யூட்டரைக் காட்டுனேன். "உன் பழசை ஓரங்கட்டு புள்ள. எல்லாத்தையும் இதுல ஏத்திட்டேன். இனி விழுந்தாலும் போகாது, ஆகாசத்துல பத்திரமா இருக்குது"ன்னேன்.

"எல்லாமேவா?"ன்னா.

"எல்லாமே. உன் ரசப்பொடி வரைக்கும்."

மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. "ஆகாசத்துல யாரு இருக்கறா சுகந்தி?"ன்னு கேட்டா. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். "தேவரும் மூவரும் இருக்கறாங்க"ன்னேன். அவ நெசமாத்தான் கேட்டிருக்கறா, நான் சிரிச்சேன்.

பதினோரு மணி இருக்கும். தங்கராசண்ணன் வந்தாரு. சாயப்பட்டறையில சூப்பர்வைசர், வேலை நேரத்துல கடைப்பக்கமே வர மாட்டாரு. நல்லாச் சிரிச்ச மொகமா வந்தாரு. வெள்ளிக்கிழமையே அவ ஃபைலெல்லாம் ஆகாசம் வழியா அவரு போன்ல வந்துருச்சாமுங்க. மூணு நாளா ஒண்ணுமே சொல்லாம, காதுகுத்துல பந்தியில உக்காந்து, பொண்டாட்டி பரிமாறச் சாப்பிட்டுட்டு, படிச்சுட்டே இருந்திருக்காரு.

"ஏம்மா சுகந்தி, உங்க கடையில ரசப்பொடிக்குப் பக்குவமெல்லாம் சொல்லித் தர்றீங்களாமா?"ன்னாரு. "எங்கூட்டுக்காரி எழுதியிருக்கறா, கேளு"ன்னு போனை எடுத்துப் படிக்க ஆரம்பிச்சாரு. கடையில ஆறேழு பேரு இருந்தாங்க.

கோயமுத்தூர்ல ஒரு பொண்ணுங்க ஹாஸ்டலுக்கு டைப்பிஸ்ட் வேலைக்கு விண்ணப்பம். தங்கறதுக்கு ரூம் தருவீங்களா, பொண்ணைக் கூட வெச்சுக்கலாமான்னு கேட்டு எழுதியிருந்தா. அதுக்குக் கீழ தேதி தேதியா ஒரு கணக்கு. இன்னைக்கு அவரு பேசல. இன்னைக்கும் பேசல. இன்னைக்கு வெளிய பூட்டிட்டுப் போயிட்டாரு, தர்ஷினி பள்ளிக்கூடம் போகல. இன்னைக்கு என் போனை வாங்கி வெச்சுட்டாரு. நாப்பத்தோரு நாள் பேசலைன்னு ஒரு இடத்துல. அதையெல்லாமா எழுதி வெப்பாங்க? தங்கராசண்ணன் குடிக்க மாட்டாரு. ஒரு நாள் கை நீட்டுனது கெடையாது. எனக்கு அப்ப நெசமா அதுதான் தோணுச்சு, கை நீட்டாத மனுசனைப் போயி இப்பிடி எழுதியிருக்கறாளேன்னு.

வளர்மதி அவரைப் பாக்கவே இல்லீங்க. என்னையத்தான் பாத்தா.

"நீ குடுத்தியா?"

"சத்தியமா இல்ல புள்ள. நான் படிக்கக்கூட இல்ல. நான் பத்திரமாத்தானே வெச்சேன்!"

"யாருகிட்ட இருந்து பத்திரமா?"ன்னா.

அவ்வளவுதான் கேட்டா. சத்தம் போட்டுக்கூடக் கேக்கல. அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் தேடிட்டு இருக்கேன். வைரஸ்கிட்ட இருந்துன்னு சொல்லலாம். கீழ விழறதுகிட்ட இருந்துன்னு சொல்லலாம். சோறு வடிக்கறப்ப, பாப்பாவைக் குளிக்க வெக்கறப்ப, திடீர்னு காதுல கேக்குதுங்க. யாருகிட்ட இருந்து பத்திரமா?

இல்லீங்க, அழுகல. ஜன்னல் தூசி. இருங்க.

இன்னொண்ணு இருக்குதுங்க அக்கா. இதை யார்கிட்டயும் நான் சொன்னதில்ல. இவ்வளவு சொல்லிட்டு இதை விட்டா நல்லாருக்காது. அன்னைக்கு தங்கராசண்ணன், "இதைப் பிரிண்டு போடும்மா, பெரியவங்ககிட்டக் காட்டோணும்"னாரு. நான் போட்டுக் குடுத்தேன்.

ஆமாங்க. போட்டுக் குடுத்தேன். கடையில வந்து பிரிண்டு கேட்டா குடுக்கறதுதானே பழக்கம். கை தானாப் போயிருச்சு. பதினாலு பக்கம். அவ பக்கத்துலயே நிக்கறா. பேப்பர் ஒண்ணொண்ணா வருது. நம்ம பிரிண்டர் மெதுவானது. வர்ற பக்கத்தை எடுத்து அடுக்கறப்ப எம்பேரு கண்ணுல பட்டுச்சு. என்ன எழுதியிருந்தான்னா, "சுகந்திகிட்டச் சொல்லீரலாம்னு நாலு தடவை வாயெடுத்தேன். அவ நல்லவ. ஆனா சிரிச்சுட்டே அவ வீட்டுக்காரர்கிட்டச் சொல்லீருவா."

ஓரத்தைத் தட்டி, பின் அடிச்சு, அவரு கையில குடுத்தேன்.

மறுவாரமே வீட்டைக் காலி பண்ணி பருவாச்சிக்கு அவரோட அம்மா வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டாரு. லேப்டாப்பையும் கொண்டு போயிட்டாரு. தர்ஷினிக்குப் பள்ளிக்கூடம் மாத்தியாச்சு. வளர்மதி நம்பருக்கு அடிச்சா அவருதான் எடுக்கறாரு. "என்னம்மா சுகந்தி, சௌக்கியமா?"ங்கறாரு. மரியாதையாத்தான் பேசறாரு. எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். "அடுத்தவங்க குடும்பம், நீ தலையிடாதே. அந்தப் பக்கமே போகக் கூடாது"ன்னுட்டாரு. எனக்காகத்தான் சொல்றாரு. ஏழு மாசம் ஆச்சு. அவ சீட்டுல வேற ஒரு புள்ளையைப் போட்டிருக்கோம். அந்தப் புள்ள நல்லாத்தான் அடிக்குது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தனியா உக்காந்து திங்குது. நானும் தனியா உக்காந்து திங்கறேன்.

நாலு நாள் முன்னாடி கடை போனுக்கு ஒரு அம்மா பேசுச்சு. கோயமுத்தூர் ஹாஸ்டல் வார்டனாம். அந்த விண்ணப்பத்தை வளர்மதி அப்பவே அனுப்பியிருக்கறா, அதுல கடை நம்பரைத்தான் குடுத்திருக்கறா. "ரெண்டு லெட்டர் போட்டோம், பதிலே இல்ல. வந்த பொண்ணு நிக்கல, எடம் காலியா இருக்கு. ஒண்ணாந்தேதிக்குள்ள வந்தா ரூம் தர்றோம், கொழந்தையைக் கூட்டிட்டு வரட்டும்"னுச்சு. சரிங்கன்னு வெச்சுட்டேன்.

நாலு நாளா வயித்துக்குள்ளயே வெச்சிருக்கேங்க. எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லல. கல்யாணமாகி அஞ்சு வருசத்துல நான் அவருகிட்டச் சொல்லாத மொத விசயம் இதுதான். எழுதி அனுப்பலாம்னா எதுல எழுதறது, எங்க போயி நிக்குமோ, யாரு படிப்பாங்களோ. வாய்ல சொன்னாத்தான் உண்டு. தங்கராசண்ணன் மத்தியானம் வரைக்கும் பட்டறையில இருப்பாரு, அவங்கம்மா காட்டு வேலைக்குப் போயிரும். அவ கதவைத் திறப்பாளான்னு தெரியல. திறக்கலைன்னா வெளிய நின்னு சொல்லிட்டு வந்துருவேன். மன்னிப்பெல்லாம் கேக்கப் போகல. கேட்டா குடுத்துருவா, அவ அப்பிடி. எனக்கு அது வேண்டாம்.

எங்க வீட்டுக்காரர்கிட்ட அந்தியூர்ல அப்பா வீட்டுக்குப் போறேன்னுதான் சொல்லியிருக்கேன். பொய் இல்ல, சாயங்காலம் போகத்தான் போறேன். பாப்பாவுக்கு இன்னும் பேச்சு வரல. நல்லதாப் போச்சு.

அடுத்தது பருவாச்சிதானுங்க. நீங்க அந்தியூர் வரைக்கும் போறீங்கல்ல, டிக்கெட் எடுக்கறப்பக் காதுல விழுந்துச்சு. அக்கா, எனக்கு ஒரே ஒரு ஒத்தாசை பண்ணுங்க. நான் எங்க போனாலும் எந்த எடத்துல இருக்கேன்னு எங்க வீட்டுக்காரருக்கு அவரு போன்லயே தெரியும். சந்தேகமெல்லாம் இல்லீங்க, அவரு அப்பிடிப்பட்டவரே இல்ல, பாசம். ஆஃப் பண்ணி வெச்சா ஏன் ஆஃப் ஆச்சுன்னு எங்கப்பாவுக்கு அடிப்பாரு. அதனால எம்போனை மட்டும் உங்க பையில வெச்சு அந்தியூர் வரைக்கும் கொண்டு போயிருங்க. பஸ் ஸ்டாண்டுல எந்தங்கச்சி நிப்பா, கண்ணாடி போட்டிருப்பா, பேரு செல்வி, பஸ் நின்னதும் சுகந்தி போன் யாருகிட்டன்னு அவளே வந்து கேப்பா. அவகிட்டக் குடுத்துருங்க.

நடுவுல அடிச்சா மட்டும் எடுக்காதீங்க அக்கா, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்.